ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர் ஆங்கிலம் கற்பித்தலை வெளிநாட்டில் போய்ப் படிக்கலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆங்கில இலக்கியத்தில் இளங்கலை முடித்த ஒருவருக்கு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலம் கற்பித்தல் துறையில் முதுகலை படிக்க இடம் கிடைத்திருக்கிறது. அவர் கேட்பது இது: "ஆங்கிலம் எனக்குப் பள்ளிக்கூடத்தில் வந்த மொழி. அதிலேயே பிறந்து வளர்ந்தவர்களோடு உட்கார்ந்து, அவர்கள் மொழியைச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று நான் படிப்பது சரியாக வருமா? வகுப்பில் தாக்குப்பிடிக்க முடியுமா? முடித்தால் வேலை கிடைக்குமா?"

நானும் இதே படிப்பைப் படித்தவன்தான். இப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். சரியாக வரும், தாக்குப்பிடிக்கவும் முடியும். வேலை விஷயத்தை மட்டும் கொஞ்சம் விவரமாகப் பேச வேண்டும். ஒவ்வொன்றாக வருகிறேன்.

முதலில், உங்கள் மனசில் இருக்கும் வகுப்பறையை மாற்றிக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் நிறைந்த வகுப்பில் நீங்கள் மட்டும் தனியாக உட்கார்ந்திருப்பதுபோல் நினைக்கிறீர்கள். டீசால் (பிற மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் கற்பித்தல்) என்றோ பயன்பாட்டு மொழியியல் என்றோ பெயர் வைத்த முதுகலை வகுப்புகள் பலவற்றில் நிலைமை நேர்மாறு. சீனா, தாய்லாந்து, சவுதி அரேபியா, துருக்கி, மெக்சிகோ என்று எங்கிருந்தெல்லாமோ வந்திருப்பார்கள். தாய்மொழிக்காரர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அப்படி வருகிறவர்களும் பெரும்பாலும் வெளிநாடுகளில் சில வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துவிட்டு, "நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை, படித்துப் பார்க்கலாம்" என்று வந்தவர்களாக இருப்பார்கள்.

இரண்டாவது, இந்தப் படிப்பு உங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்காது. ஆங்கிலத் திறன் தேர்வான ஐ.இ.எல்.டி.எஸ்.ஸில் 6.5 அல்லது 7 கேட்பதே, அந்த வேலை முடிந்துவிட்டது என்ற கணக்கில்தான். இங்கே நடப்பது வேறு. இதுவரை எதையோ பார்க்க உதவிய கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்து, அந்தக் கண்ணாடியையே ஆராய்வது. ஒலியியல், இலக்கணம், உரையாடல் பகுப்பாய்வு, இரண்டாம் மொழி எப்படி மனசில் படிகிறது என்பது, கற்பிக்கும் முறைகள், தேர்வு அமைப்பது, பாடப் பொருள் தயாரிப்பது, ஆய்வு முறைகள் என்று பாடங்கள் இருக்கும். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறும், உள்ளடக்கம் அவ்வளவாக மாறாது.

இந்த ஆராய்ச்சியில்தான் உங்கள் பலம் வெளியே வரும். பேச்சுக்குச் சொல்லவில்லை, ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்.

மாணவர் ஒருவர் எழுதிய வாக்கியம் பலகையில் இருந்தது: "ஐ ஹேவ் சீன் ஹிம் ட்வைஸ் லாஸ்ட் இயர்." இது ஏன் தவறு, எழுதியவருக்கு எப்படி விளக்குவீர்கள் என்பது கேள்வி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசும் நண்பர் உடனே, "தவறு, கேட்கவே சரியில்லை" என்றார். ஏன் என்று கேட்டதும் நின்றுவிட்டார். மறுபடி மறுபடி வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தார். காதுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

என் முறை வந்தது. பிரசன்ட் பெர்ஃபெக்ட் கடந்த காலத்தில் நடந்ததை இப்போதோடு முடிச்சுப் போடுகிறது. "லாஸ்ட் இயர்" என்றால் அந்தக் காலம் கதவு சாத்திய அறை. இரண்டும் சேராது என்றேன். இது எந்த இலக்கணப் புத்தகத்திலும் இருப்பதுதான். அப்புறம் சொன்னதைத்தான் டியூட்டர் குறித்துக்கொண்டார்: தமிழில் "போன வருஷம் அவரை இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். "பார்த்திருக்கிறேன்" என்பதன் உருவம் பிரசன்ட் பெர்ஃபெக்ட் போலவே தோன்றும், ஆனால் அதற்கு "போன வருஷம்" தடையில்லை. அதனால் தமிழ் பேசுகிறவர் இந்தப் பிழையைச் செய்யும்போது கவனக்குறைவாக எழுதவில்லை. ஒரு விதியைச் சரியாகத்தான் பின்பற்றுகிறார், அது வேறு மொழியின் விதி என்பது மட்டும்தான் சிக்கல்.

இந்தத் துறையின் அடித்தளத்திலேயே இந்த எண்ணம் இருக்கிறது. 1967இல் பிட் கார்டர் எழுதிய கட்டுரை, கற்பவரின் பிழையைக் குப்பையாகப் பார்க்காதீர்கள், அவர் மனசில் என்ன விதி ஓடுகிறது என்பதைக் காட்டும் சாட்சி அது என்றது. 1972இல் லாரி செலின்கர் அந்த இடைப்பட்ட நிலைக்கு ஒரு பெயரே கொடுத்தார்: இடைமொழி. தாய்மொழியும் அல்லாமல், கற்கும் மொழியும் ஆகாமல், தனக்கென்று ஒழுங்கு கொண்ட ஒரு மொழி. நீங்கள் அந்த இடைமொழியில் பல வருஷம் குடியிருந்தவர். வகுப்பில் மற்றவர்கள் வரைபடத்தில் பார்க்கும் ஊரில் நீங்கள் நடந்தே திரிந்திருக்கிறீர்கள்.

ஒலியியலிலும் இப்படித்தான். "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் ப-வும் இரண்டாவது ப-வும் ஒரே ஒலி இல்லை. இரண்டாவதில் தொண்டை அதிர்கிறது. தமிழ்க் காதுக்கு இரண்டும் "ப"தான், எழுத்தும் ஒன்றுதான், வித்தியாசம் இருப்பதே நமக்குத் தோன்றாது. இதே மாதிரி ஆங்கிலக்காரருக்கும் ஒரு காது அடைப்பு உண்டு. உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு "பின்" (pin) என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள், தாள் ஆடும். "ஸ்பின்" என்று சொல்லச் சொல்லுங்கள், ஆடாது. இரண்டு ப-வும் வேறு வேறு, முதலாவதில் மூச்சு சேர்ந்து வருகிறது. வாழ்நாள் முழுக்கப் பேசியும் அவர்கள் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். காதுக்கு ஒன்றாகத் தோன்றுவது ஒலியன், அது இடத்துக்கு இடம் எடுக்கும் வடிவங்கள் மாற்றொலி என்று பாடத்தில் வருவது இவ்வளவுதான். நம்மில் பலர் "பின்" சொல்லும்போது அந்த மூச்சு வராது, அதனால் ஆங்கிலக் காதுக்கு அது b ஒலியோடு தொடங்கும் வேறு சொல்லாகப் போய் விழும். ஜெனிஃபர் ஜென்கின்ஸ் 2000இல், வெவ்வேறு தாய்மொழிக்காரர்கள் ஒருவருக்கொருவர் புரிந்துகொள்ள எந்த உச்சரிப்புக் கூறுகள் அவசியம் என்று ஒரு பட்டியல் தயாரித்தார். சொல்லின் முதலில் வரும் ப, ட, க-வுக்கு இந்த மூச்சு அவசியம் என்பது அதில் இருந்தது. நாக்கைப் பல்லிடுக்கில் வைத்துச் சொல்லும் "திங்க்", "திஸ்" ஒலிகள் அவ்வளவு முக்கியமில்லை என்றும் இருந்தது. எதற்கு உயிரை விடுவது, எதை விட்டுவிடலாம் என்று தெரிவதே ஆசிரியருக்குப் பெரிய விஷயம். (ஒலி எங்கே பிறக்கிறது என்று அண்ணம், பல், இதழ் என இடம் பிரித்துச் சொல்லும் வகுப்பு முதல் வாரத்தில் வரும். தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் படித்திருந்தால் அந்த வாரம் உங்களுக்கு வீட்டுக்கு வந்ததுபோல் இருக்கும்.)

வெளியாள் என்ற கூச்சம் எனக்கும் இருந்தது. வாசிப்புப் பட்டியலைத் திறந்தபோது அதில் பாதி போனது. என்.எஸ். பிரபு 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னைப் பள்ளிகளில் நடத்திய திட்டத்தைப் படிக்காமல் இந்தத் துறையில் யாரும் பட்டம் வாங்க முடியாது. இலக்கணத்தை நேரடியாகச் சொல்லிக்கொடுக்காமல், ரயில் கால அட்டவணையைப் பார்த்துப் பயணத்தைத் திட்டமிடுவது, வரைபடத்தைப் பார்த்து வழி சொல்வது போன்ற வேலைகளைக் கொடுத்து, அர்த்தத்தில் மனசைச் செலுத்தினால் இலக்கணம் தானாகப் படியுமா என்று பார்த்த முயற்சி அது. இன்று உலகம் முழுக்கப் பேசப்படும் பணிவழிக் கற்பித்தலின் ஆரம்பகால முயற்சிகளில் முக்கியமானது. அதே பிரபு 1990இல், "மிகச் சிறந்த முறை" என்று ஒன்று கிடையாது, தான் செய்வது ஏன் பலன் தருகிறது என்று ஆசிரியருக்குள் உயிரோடு இருக்கும் உணர்வுதான் முக்கியம் என்று வாதிட்டார்.

பி. குமாரவடிவேலு, அமெரிக்காவில் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர், 1994இல் அதை இன்னும் தள்ளிக்கொண்டு போனார். மேலை நாட்டில் தயாரான முறையை அப்படியே இறக்குமதி செய்வதற்குப் பதிலாக, அந்தந்த வகுப்பறையின் நிலைமையிலிருந்து ஆசிரியரே தன் கோட்பாட்டைக் கட்ட வேண்டும் என்றார். சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், பின்னர் அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானவர். போர்க்காலத்தில் தன் மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கி வைத்திருந்த படங்களையும் வாசகங்களையும் அவர் ஆய்வுப் பொருளாக எடுத்தார். வாயால் "இந்தப் புத்தகம் பிடிக்கவில்லை" என்று சொல்லாத மாணவர்கள், ஓரத்தில் தங்கள் உலகத்தை வரைந்து புத்தகத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்று காட்டினார். 1993இல் வந்த அந்தக் கட்டுரையை நூலகத்தில் படித்தபோது, பள்ளியில் என் புத்தக ஓரங்கள் எப்படி இருந்தன என்று நினைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நம்மைப்போல் ஆங்கிலத்தைக் கற்றுக்கொண்டவர்கள் இந்தத் துறைக்கு ஒதுங்க இடம் கேட்டு வரவில்லை, துறையைக் கட்டியவர்களில் அவர்களும் உண்டு. இதைத் தெரிந்துகொண்டு போங்கள்.

சரி, கஷ்டம் எங்கே வரும்? மூன்று இடத்தில்: செமினாரில், வாசிப்பில், எழுத்தில்.

செமினாரில் யாரும் உங்களைப் பெயர் சொல்லி எழுப்பிக் கேள்வி கேட்க மாட்டார்கள். பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும், இடையில் நீங்களாக நுழைய வேண்டும். மனசுக்குள் வாக்கியத்தை அமைத்து, இலக்கணம் சரிபார்த்து, வாயைத் திறப்பதற்குள் பேச்சு இரண்டு தலைப்பு தாண்டிப் போயிருக்கும். முதல் சில வாரம் இது எல்லாருக்கும் நடக்கும். எனக்கு உதவியது ஒரு சின்னப் பழக்கம். கட்டுரையைப் படிக்கும்போதே ஒரு கேள்வியை முழு வாக்கியமாக எழுதி வைத்துக்கொண்டு, வகுப்பின் முதல் பத்து நிமிடத்துக்குள் அதைக் கேட்டுவிடுவேன். ஒருமுறை குரல் வெளியே வந்துவிட்டால் இரண்டாவது முறை அவ்வளவு கனமாக இருக்காது. டியூட்டரைப் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார்கள். "சார்", "மேடம்" வாயை விட்டுப் போக நாளாகும், அதனால் ஒன்றும் கெட்டுப்போகாது. ஆனால் அவர்கள் சொன்ன கருத்தை மறுத்துப் பேசுவது அவமரியாதை இல்லை என்பதை மட்டும் சீக்கிரம் பழகிக்கொள்ளுங்கள். அமைதியாக இருப்பதை அங்கே மரியாதை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள், நீங்கள் படிக்காமல் வந்திருக்கிறீர்கள் என்று நினைப்பார்கள்.

பேச வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குப் பாடத்திலேயே காரணம் இருக்கிறது. கனடாவில், வீட்டில் ஆங்கிலம் பேசி, பள்ளியில் பிரெஞ்சு மொழியிலேயே பாடங்களைப் படித்த குழந்தைகளை மெரில் ஸ்வெய்ன் ஆராய்ந்தார். வருஷக்கணக்கில் பிரெஞ்சைக் கேட்டுப் புரிந்துகொண்ட குழந்தைகள், பேசும்போதும் எழுதும்போதும் இலக்கணத்தில் தடுமாறினார்கள். கேட்டுப் புரிவது மட்டும் போதாது, தானே சொல்ல முயலும்போதுதான் தன்னிடம் எது இல்லை என்பது தெரிகிறது என்று 1985இல் எழுதினார். அதைப் படித்துக் குறிப்பெடுத்துவிட்டு செமினாரில் வாய் திறக்காமல் இருக்கிற மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் படித்த கோட்பாடு அவர்களைப் பற்றித்தான்.

வாசிப்பைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். கொடுப்பதையெல்லாம் வரிவரியாகப் படிக்க முடியாது, யாரும் படிப்பதில்லை. சுருக்கம், முன்னுரை, முடிவுகளைப் பேசும் பகுதி ஆகியவற்றைப் படித்து, இவர் யாரோடு வாதாடுகிறார் என்று ஒரே வரியில் எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் மட்டும் நடுப்பகுதிக்குப் போங்கள். காக்ஸ்ஹெட் என்ற ஆய்வாளர் 2000இல் தொகுத்த கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள் இருக்கின்றன. கல்வி நூல்களில் வரும் சொற்களில் சுமார் 10 சதவீதம் அதற்குள் அடங்கிவிடும். கிளம்புவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டால் நல்லது. நம் பக்கத்து மாணவர்களுக்கு இன்னொரு விநோதமும் நடக்கும். ஜிம் கம்மின்ஸ் 1979இல் பேச்சுத் திறனையும் கல்வி மொழித் திறனையும் பிரித்துக் காட்டினார். புலம்பெயர்ந்த குழந்தைகளுக்குப் பேச்சு இரண்டு வருஷத்தில் வந்துவிடும், கல்வி மொழி வர ஐந்து முதல் ஏழு வருஷம் ஆகும். நமக்குத் தலைகீழ். கனமான கட்டுரை புரியும், பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் சொன்ன நகைச்சுவை புரியாது. அதை வைத்து உங்கள் ஆங்கிலத்தை எடை போடாதீர்கள்.

எழுத்தில்தான் உண்மையான அடி விழும். இங்கே கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும்.

என் முதல் அசைன்மென்ட், ஆங்கிலம் எப்படி உலகம் முழுக்கப் பரவி எல்லாருக்கும் இன்றியமையாததாக ஆனது என்பதில் ஐயமில்லை என்ற பொருளில் ஒரு வாக்கியத்தோடு தொடங்கியது. பள்ளியிலிருந்து பழகிய முன்னுரை அது: பெரிதாகத் தொடங்கி, மெல்ல இறங்கி வந்து, கடைசிப் பக்கத்தில் நம் கருத்தைச் சொல்வது. திரும்பி வந்தபோது ஓரத்தில் பென்சிலில் மூன்று சின்னக் கேள்விகள் இருந்தன. "எல்லாருக்கும்" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு கோடு: யாருக்கு? "ஐயமில்லை" என்ற சொல்லுக்குப் பக்கத்தில்: யார் சொன்னது? பத்தி முடிவில்: உங்கள் வாதம் எங்கே? இலக்கணப் பிழை இரண்டோ மூன்றோதான் இருந்தது. அவற்றை அவர் வட்டம்கூடப் போடவில்லை.

அன்றைக்குப் புரிந்தது, நான் பயந்தது தவறான இடத்தில். அவர்களுக்கு என் ஆங்கிலம் பிரச்சினையே இல்லை. கருத்தை முதல் பக்கத்திலேயே வைக்க வேண்டும். ஒவ்வொரு கூற்றுக்கும் ஆதாரம் வேண்டும். ஆதாரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்குத்தான் சொல்ல வேண்டும்: "காட்டுகிறது" என்பதற்கும் "காட்டுவதுபோல் இருக்கிறது" என்பதற்கும் அங்கே மதிப்பெண் வித்தியாசம் உண்டு. பேர்பெற்ற அறிஞர் சொன்னார் என்பது ஆதாரம் ஆகாது, அவர் எதை வைத்துச் சொன்னார், அதை யார் மறுத்தார்கள் என்பதுதான் வேண்டும்.

இதைப் பண்பாட்டு வித்தியாசம் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் உண்டு. 1966இல் ராபர்ட் கப்லான், ஆங்கிலக் கட்டுரை நேர்கோட்டில் போகும், கீழைத்தேயக் கட்டுரை சுருளாகச் சுற்றிச் சுற்றி வரும் என்று கோட்டுப் படமே வரைந்து காட்டினார். மிகையான பொதுமைப்படுத்தல் என்று அது கடுமையாக விமர்சிக்கப்பட்டது, அந்த விமர்சனம் நியாயம் என்றே நானும் நினைக்கிறேன். நன்னூல் உரையைப் படித்தவருக்குத் தெரியும், நம் உரையாசிரியர்கள் சூத்திரத்தைச் சொல்லி, மறுப்பை எழுப்பி, மேற்கோள் காட்டி, விடை சொல்வதை. ஆதாரத்தோடு வாதாடுவது நமக்குப் புதிதல்ல. பள்ளிக் கட்டுரையில் அது பழக்கத்தில் இல்லாமல் போய்விட்டது, அவ்வளவுதான். பழகினால் வரும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். புத்தகத்தில் இருக்கும் வாக்கியத்தில் நாலு சொல்லை மாற்றிப் போட்டு எழுதுவது நமக்குப் "படித்து எழுதியது", அங்கே அது கருத்துத் திருட்டு. மேற்கோள் குறி போடாமல் விட்ட ஒரு பத்திக்காக நல்ல மாணவர்கள் விசாரணைக்குப் போயிருக்கிறார்கள். ஒரே வழிதான்: படித்ததை மூடி வைத்துவிட்டு, நண்பருக்குத் தமிழில் சொல்வதுபோல் உங்கள் வாயால் சொல்லுங்கள். அப்புறம் அதை ஆங்கிலத்தில் எழுதி, கருத்து யாருடையது என்று குறிப்பிடுங்கள். தமிழில் யோசிப்பது பலவீனம் என்று நினைக்காதீர்கள். கடினமான கட்டுரைகளை நான் புரிந்துகொண்டது முதலில் தமிழில்தான்.

இப்போது படிப்பைத் தேர்ந்தெடுப்பது. பெரும்பாலானவர்கள் தரவரிசையைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்க்கச் சொல்வது: வகுப்பெடுக்கும் பயிற்சி உண்டா? நிஜ மாணவர்கள் முன்னால் நின்று, யாராவது பின்னால் உட்கார்ந்து பார்த்துக் குறை சொல்லும் பயிற்சி. பல முதுகலைப் படிப்புகளில் இது கிடையாது, அல்லது விருப்பப் பாடமாக இருக்கும், அல்லது சக மாணவர்களுக்கே பத்து நிமிடம் பாடம் எடுப்பதோடு முடிந்துவிடும். கற்பித்த அனுபவமே இல்லாமல் நேராகப் போகிறீர்கள் என்றால் இது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். படிப்பில் இல்லையென்றால் கேம்பிரிட்ஜின் செல்ட்டா சான்றிதழைத் தனியாகச் செய்யலாம்: சுமார் 120 மணி நேரப் பயிற்சி, அதில் 6 மணி நேரம் மதிப்பிடப்படும் நிஜ வகுப்பு. தனியார் மொழிப்பள்ளிகளில் பல இடத்தில் முதுகலைப் பட்டத்தைவிட இதைத்தான் முதலில் கேட்பார்கள். சில பல்கலைக்கழகங்கள் இரண்டு வருஷக் கற்பித்தல் அனுபவம் உள்ளவர்களுக்கு ஒரு படிப்பு, இல்லாதவர்களுக்கு வேறு படிப்பு என்று பிரித்தே வைத்திருக்கின்றன. எதில் சேர்கிறீர்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பயிற்சி வகுப்பில் என்ன கிடைக்கும் என்று கேட்டால், என் முதல் வகுப்பின் ஒலிப்பதிவைச் சொல்வேன். ஐந்து நிமிடத்தை எழுத்தில் பெயர்த்து எழுதச் சொன்னார்கள், அதற்கே ஒரு மாலை முழுக்க ஆனது. எழுதி முடித்துப் பார்த்தால் அச்சு அசலாக ஒரே வடிவம்: நான் கேள்வி கேட்கிறேன், மாணவர் ஒரு சொல்லில் பதில் சொல்கிறார், நான் "வெரி குட்" என்கிறேன். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் சின்க்ளேரும் கூல்தார்டும் 1975இல் பதிவு செய்த மூன்று படி வடிவம் இதுதான். வகுப்புக்கு வெளியே யாரிடமாவது மணி கேட்டு, அவர் சொன்னதும் "வெரி குட்" என்று சொல்லிப் பாருங்கள், எப்படிப் பார்ப்பார்! விடை தெரிந்துகொண்டே கேட்பது வகுப்பறையில் மட்டும் நடக்கும் பேச்சு. இன்னொன்றும் கண்ணில் பட்டது. கேள்வி கேட்டுவிட்டு நான் ஒரு வினாடிகூடக் காத்திருக்கவில்லை, நானே அடுத்த வரியைச் சொல்லிவிட்டேன். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு வினாடிதான் காத்திருக்கிறார்கள், அதை மூன்று வினாடியாக்கினாலே பதில்கள் நீள்கின்றன, புதிய மாணவர்கள் பேச வருகிறார்கள் என்று மேரி பட் ரோ 1970களிலேயே காட்டியிருந்தார். இரண்டாவது வகுப்பில் மனசுக்குள் மூன்று எண்ணினேன். மூன்றாவது எண்ணிக்கையில் பின்வரிசையிலிருந்து, அதுவரை பேசாத ஒரு பெண் வாயைத் திறந்தார். "புரிந்ததா?" என்று கேட்பதை அன்றோடு விட்டேன். அதற்கு எல்லாரும் "ஆமாம்" என்றுதான் சொல்வார்கள்.

மற்ற நடைமுறை விவரங்கள்: பிரிட்டனில் முழுநேர முதுகலை பெரும்பாலும் ஒரே வருஷம், 180 கிரெடிட், கடைசியில் ஒரு டிசர்டேஷன் (ஆய்வேடு). சேர்ந்து மூச்சு விடுவதற்குள் பாதி முடிந்திருக்கும். அமெரிக்காவில் பெரும்பாலும் இரண்டு வருஷம், சில துறைகளில் கற்பித்தல் உதவியாளர் வேலையோடு கட்டணச் சலுகையும் கிடைக்கும். முக்கியமாக ஒன்று: இந்தப் பட்டம் அந்த நாட்டு அரசுப் பள்ளியில் பாடம் எடுக்கும் உரிமத்தைத் தானாகக் கொடுக்காது. இங்கிலாந்தில் அதற்குத் தனியாக ஆசிரியர் தகுதி வேண்டும், அமெரிக்காவில் மாநில உரிமத்தோடு சேர்ந்த படிப்பா என்று கேட்டுப் பார்க்க வேண்டும். இதைத் தெரியாமல் சேர்ந்து, கடைசிப் பருவத்தில் தெரிந்துகொண்டு கலங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். உதவித்தொகைக்கு, பிரிட்டன் என்றால் செவனிங் உண்டு. அதற்கு இரண்டு வருஷ வேலை அனுபவம் வேண்டும், முடித்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருஷம் இருக்க வேண்டும். அகராதி தொகுத்த ஏ.எஸ். ஹார்ன்பி 1961இல் தொடங்கிய அறக்கட்டளை, பணியில் இருக்கும் ஆங்கில ஆசிரியர்களுக்கென்றே உதவித்தொகை கொடுத்து வந்திருக்கிறது. இந்த இரண்டும் புதிதாகப் பட்டம் வாங்கியவருக்குக் கிடைப்பது கடினம். அதனால் இரண்டு வருஷம் பாடம் எடுத்துவிட்டுப் போனால் பணத்துக்கும் நல்லது, படிப்புக்கும் நல்லது. உங்களுக்குக் கிடைத்த இடத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் ஒப்புக்கொள்வார்கள்.

வேலை. உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். தாய்மொழியாகப் பேசுகிறவர்தான் நல்ல ஆசிரியர் என்ற மூடநம்பிக்கை இன்னும் சந்தையில் இருக்கிறது. தென் கொரியாவில் தனியார் பயிற்சி நிலையங்களில் ஆங்கிலம் கற்பிக்கும் விசாவுக்கு ஆங்கிலம் பேசும் ஏழு நாடுகளின் கடவுச்சீட்டைக் கேட்கிறார்கள். பட்டம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அந்த வரி மாறாது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு விண்ணப்பித்த இடத்தில், என் பெயரைப் பார்த்ததுமே "எங்களுக்குத் தாய்மொழிக்காரர் வேண்டும்" என்று ஒரே வரியில் பதில் வந்திருக்கிறது. என் பாடத்தை அவர்கள் பார்க்கவே இல்லை. அன்று வந்த கோபம் இன்னும் இருக்கிறது, அது நியாயமான கோபம்.

ஆனால் துறைக்குள்ளேயே இதை எதிர்த்துப் பலர் வேலை செய்கிறார்கள். டீசால் என்ற ஆங்கில ஆசிரியர் சங்கம் 1991இலும் 2006இலும் இந்தப் பாகுபாட்டுக்கு எதிராக அறிக்கை வெளியிட்டது. இலங்கையில் பிறந்த ஜார்ஜ் பிரெய்ன் 1996இல் அந்தச் சங்க மாநாட்டில் நடத்திய ஓர் அமர்விலிருந்துதான் தாய்மொழியல்லாத ஆசிரியர்களின் இயக்கம் உருவானது. ஹங்கேரியைச் சேர்ந்த பீட்டர் மெட்ஜஸ், நம்மைப் போன்ற ஆசிரியருக்கு என்ன பலம் என்று தெளிவாகவே எழுதினார்: மாணவர் எங்கே தடுக்கி விழுவார் என்பது முன்கூட்டியே தெரியும், கற்கும் உத்தியைச் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லிக்கொடுக்க முடியும், தேவைப்பட்டால் அவர் மொழியிலேயே விளக்க முடியும். இதை மதிக்கும் இடங்கள் இருக்கின்றன: பல்கலைக்கழகங்களின் ஆங்கில மையங்கள், பிரிட்டனில் படிப்பு தொடங்குமுன் வெளிநாட்டு மாணவர்களுக்குக் கோடையில் நடக்கும் ஆங்கில முன்னேற்பாட்டு வகுப்புகள், ஆசிரியர் பயிற்சி, தேர்வு வினா தயாரிப்பு, பாடநூல் எழுத்து. இங்கே ஆட்களை எடுக்கிறவர்கள் பெரும்பாலும் இதே படிப்பைப் படித்தவர்கள், அதனால் பேச்சு வேறு மாதிரி நடக்கும். டிசர்டேஷன் தலைப்பை எடுக்கும்போதே நீங்கள் போக நினைக்கும் இடத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். நேர்காணலில் உங்கள் உச்சரிப்பைப் பற்றிப் பேசுவதைவிட உங்கள் ஆய்வைப் பற்றிப் பேசும்படி ஆகிவிடும்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பரண்மேல் உங்கள் பள்ளிக்கால ஆங்கிலக் கட்டுரை நோட்டு கிடந்தால் எடுத்து வையுங்கள். ஆசிரியர் சிவப்பு மையில் சுழித்த ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வகுப்பு, எந்த வருஷம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பருவத்தில் பிழைப் பகுப்பாய்வு அசைன்மென்ட் வரும்போது, மற்றவர்கள் தரவுக்கு யாரைக் கேட்பது என்று அலைந்துகொண்டிருப்பார்கள். உங்களிடம் ஒரே மாணவரின் ஏழெட்டு வருஷ எழுத்து கையில் இருக்கும். என் நோட்டுகளை நான் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன், அதை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.